குளோன் பாதியில் நின்றால் முதலில் நெட்வொர்க்கைத் திட்டாதீர்கள்

ஒரு கணினியில் எல்லாவற்றையும் தயார் செய்து, அதன் டிஸ்கை அப்படியே நகலெடுத்து (இதுதான் இமேஜ்), ஃபாக் (FOG) அல்லது குளோன்ஸில்லா (Clonezilla) என்ற குளோன் கருவியின் சர்வர் வழியாக மற்ற கணினிகளில் இறக்கும்போது எரர் வந்து நிற்கிறது. உடனே கை போவது கேபிளுக்கும் சுவிட்சுக்கும்தான். ஆனால் இந்தக் கருவிகள் தரவை எழுதத் தொடங்கும் முன்பே டிஸ்கைத் தேடிப் பிடித்து, பழைய பார்ட்டிஷன் டேபிளை (டிஸ்க் எப்படிப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற பட்டியல்) அழித்து, புதியதை எழுதி முடித்துவிடுகின்றன. சர்வரின் இமேஜ் ஃபோல்டர் மவுண்ட் ஆகிவிட்டது (கணினியோடு இணைந்துவிட்டது), தரவு எழுதும் சதவீதம் ஓடும் பார்ட்குளோன் திரை மட்டும் வரவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் பார்ட்டிஷனில். 40 சதவீதம் ஓடிவிட்டு உறைந்தால்தான் கேபிள், சர்வர் டிஸ்க், அந்தக் கணினியின் டிஸ்க் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும்.

பார்ட்டிஷன் கோளாறுகளிலும் பல, இமேஜ் எடுத்த மூலக் கணினியிலேயே ஆரம்பித்தவை.

ஷட் டவுன் செய்தாலும் அணையாத விண்டோஸ்

விண்டோஸை வேகமாகத் திறக்கவைக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் வசதி ஆன் ஆகியிருக்கும் கணினியில் 'ஷட் டவுன்' கொடுத்தால் விண்டோஸ் முழுதாக மூடுவதில்லை. கெர்னலின் (விண்டோஸின் மையப் பகுதி) நிலையை டிஸ்கில் எழுதிவைத்துவிட்டுத் தூங்கப் போகிறது. வேடிக்கை என்னவென்றால், 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் முழுதாக மூடித் திறக்கிறது. இப்படித் தூங்கும் என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் ஃபைல்களை வைக்கும் முறை) பார்ட்டிஷனை, குளோன் செய்யும் லினக்ஸ் கருவிகள் தொட மறுக்கும். இமேஜ் எடுக்கும்போதே நிற்கும், அல்லது பார்ட்டிஷனைச் சுருக்கும் கட்டத்தில் நிற்கும்.

இந்த இடத்தில் செய்யும் தவறு, 'ஃபோர்ஸ்' விருப்பத்தைப் போட்டுத் தாண்டிப் போவது. லினக்ஸின் என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் (ntfsfix) கருவியை ஓட்டினால் சரியாகிவிடும் என்று நினைப்பதும் அதே வகைதான். அது சில சின்னப் பிழைகளைத் திருத்தி, அடுத்த முறை விண்டோஸே சோதிக்கட்டும் என்று குறித்துவைக்கும். விண்டோஸின் டிஸ்க் சோதனைக் கருவியான செக்டிஸ்க் (chkdsk) செய்யும் வேலையை அது செய்யாது. விண்டோஸுக்குள் போய், பவர்சிஎஃப்ஜி (powercfg) கட்டளையால் ஹைபர்நேட்டை (நிலையை டிஸ்கில் எழுதிவிட்டுத் தூங்குவது) ஆஃப் செய்யுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பும் சேர்ந்தே போய்விடும். சி டிரைவில் பல ஜிபி அடைத்துக்கொண்டிருக்கும் ஹைபர்நேஷன் ஃபைலும் போய்விடும். அப்புறம் செக்டிஸ்க், அப்புறம் ஷட் டவுன்.

'பாதுகாப்பு ஆஃப்' என்றால் என்கிரிப்ஷன் இல்லை என்று அர்த்தமில்லை

இது இப்போது அதிகம் மாட்டவைக்கும் இடம். விண்டோஸ் 11-இன் 2024-ஆம் ஆண்டு 24எச்2 பதிப்பு, டிவைஸ் என்கிரிப்ஷனுக்கான (டிஸ்கில் உள்ள தரவைச் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றும் வசதி) நிபந்தனைகளைத் தளர்த்தியதால், புதிதாக நிறுவும் கணினிகளில் நாம் கேட்காமலே அது வேலையை ஆரம்பித்துவிடுகிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல் லோக்கல் அக்கவுண்ட்டில் மட்டும் நுழைந்திருந்தால் நிலைமை இன்னும் குழப்பம்: டிஸ்கில் உள்ள தரவு என்கிரிப்ட் ஆகியிருக்கும், சாவியோ பூட்டப்படாமல் பக்கத்திலேயே கிடக்கும். நிலையைக் கேட்டால் 'பாதுகாப்பு ஆஃப்' என்று வரும். அதைப் பார்த்துவிட்டு, பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் என்கிரிப்ஷன்) இல்லை என்று இமேஜ் எடுக்கப் போகிறவர்கள் பலர். பார்க்க வேண்டியது அந்த வரியை அல்ல, எவ்வளவு சதவீதம் என்கிரிப்ட் ஆகியிருக்கிறது என்ற வரியை. மேனேஜ்-பிடிஈ (manage-bde) கட்டளையின் 'ஸ்டேட்டஸ்' இரண்டையும் காட்டும்.

அறிகுறி எளிது. 30 ஜிபி மட்டுமே தரவுள்ள கணினியின் இமேஜ், டிஸ்க் அளவுக்கே ஊதி வருகிறதா? என்டிஎஃப்எஸ் என்று அடையாளம் காண முடியாததால் கருவி ஒவ்வொரு செக்டராக (டிஸ்கின் சிறு துண்டு) அப்படியே நகலெடுக்கிறது. அந்த இமேஜைச் சுருக்கவும் முடியாது, விரிக்கவும் முடியாது. பிட்லாக்கரை 'சஸ்பெண்ட்' செய்வது (தற்காலிகமாக நிறுத்துவது) போதாது, முழுதாக டீகிரிப்ட் செய்து (என்கிரிப்ஷனை நீக்கி) சதவீதம் பூஜ்யத்துக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும்.

500-உம் 512-உம் ஒன்றல்ல

'இரண்டும் அரை டிபி டிஸ்க்தானே' என்பது கடையில் செல்லும், பார்ட்டிஷன் டேபிளில் செல்லாது. 512 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றில் வழக்கமாக 1,000,215,216 செக்டர்கள் இருக்கும். 500 ஜிபியில் 976,773,168. வித்தியாசம் 23,442,048 செக்டர்கள். 512 பைட் செக்டர் என்றால் சுமார் 12 ஜிபி. 512-இல் எடுத்த இமேஜில் தரவு 30 ஜிபிதான் என்றாலும், கடைசிப் பார்ட்டிஷன் முடியும் இடம் 500 ஜிபி டிஸ்கில் இல்லவே இல்லை. ஃபாக்கில் 'ரீசைசபிள்' வகையைத் தேர்ந்தெடுத்திருந்தால் கருவி பார்ட்டிஷனைச் சுருக்கிப் பார்க்கும். இல்லையென்றால் இறக்கும் நேரத்தில்தான் தெரியும். குளோன்ஸில்லாவில் கே1 விருப்பம் டேபிளை டிஸ்க் அளவுக்கு விகிதப்படி மாற்றி எழுதும். டிஸ்க் அளவைச் சோதிக்காமல் தாண்டும் விருப்பமும் அதில் உண்டு; அதை மட்டும் போட்டால் இடம் வந்துவிடாது. என் யோசனை வேறு: எத்தனை வகை டிஸ்குகள் இருந்தாலும், அவற்றிலேயே சிறியதை விடச் சிறிய ஒரு டிஸ்கில் மூல இமேஜைத் தயார் செய்யுங்கள். 60 அல்லது 80 ஜிபி மெய்நிகர் கணினி இதற்குத் தாராளம். விரிப்பது சுலபம், சுருக்குவதுதான் தலைவலி.

விரிப்பதிலும் ஒரு முட்டுக்கட்டை உண்டு. விண்டோஸ் போடும் வரிசையைப் பாருங்கள்: பூட் ஆக உதவும் 100 எம்பி ஈஎஃப்ஐ, விண்டோஸ் ஒதுக்கிவைக்கும் 16 எம்பி எம்எஸ்ஆர், சி டிரைவ், கடைசியில் பழுதுபார்க்கும் ரெக்கவரி. இறக்கிய பிறகு டிஸ்கின் கடைசியில் 200 ஜிபி காலியாகக் கிடந்தாலும், நடுவில் ரெக்கவரி உட்கார்ந்திருப்பதால் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் 'எக்ஸ்டெண்ட்' மங்கியே இருக்கும். சிலர் ரெக்கவரியைத் தூக்கிவிடுகிறார்கள். தூக்கலாம்தான், ஆனால் முதலில் ரீஏஜென்ட்சி (reagentc) கட்டளையால் அதை முடக்கிவிட்டுத் தூக்குங்கள். திரும்ப உருவாக்குவதென்றால் இடத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். 2024 ஜனவரியில் வந்த ஒரு விண்டோஸ் 10 அப்டேட், ரெக்கவரி பார்ட்டிஷனில் 250 எம்பி காலி இடம் இல்லாத கணினிகளில் எல்லாம் தோற்றுப்போனது. அந்தக் குறை இமேஜில் இருந்தால், இறக்கிய கணினி அத்தனைக்கும் பரவும்.

பழைய டேபிளின் மிச்சம்

ஜிபிடி (புதிய வகைப் பார்ட்டிஷன் டேபிள்) தன்னை இரண்டு இடத்தில் எழுதிவைக்கும்: டிஸ்கின் தொடக்கத்தில் ஒன்று, கடைசி செக்டர்களில் நகல் ஒன்று. லினக்ஸின் டிடி (dd) கட்டளையால் முதல் சில எம்பியை மட்டும் அழித்துவிட்டு, டிஸ்க் சுத்தம் என்று நம்பினால் அந்த நகல் அப்படியே இருக்கும். அதன்மேல் எம்பிஆர் (பழைய வகை டேபிள்) இமேஜை இறக்கினால், சில கருவிகள் பழைய ஜிபிடியைக் கண்டு குழம்பும். எஸ்ஜிடிஸ்க் (sgdisk) என்ற பார்ட்டிஷன் கருவியின் 'ஜாப்' இரண்டு முனையையும் அழிக்கும். சின்ன டிஸ்கை அப்படியே பெரிய டிஸ்கில் நகலெடுத்தால் நேர்மாறான சிக்கல்: நகல் டேபிள் நடு டிஸ்கில் மாட்டிக்கொள்ளும். அதைக் கடைசிக்கு நகர்த்தும் வசதியும் எஸ்ஜிடிஸ்கில் இருக்கிறது.

செக்டர் அளவு வேறான டிஸ்குகளுக்கு இடையே (512-உம் 4096-உம்) இமேஜை மாற்றவே வேண்டாம். டேபிளில் உள்ள எண்கள் எல்லாம் செக்டர் கணக்கு என்பதால், ஒவ்வொரு பார்ட்டிஷனும் எட்டு மடங்கு தள்ளிப்போய் நிற்கும்.

எந்த டிஸ்க்?

இரண்டு என்விஎம்ஈ எஸ்எஸ்டிகள் உள்ள கணினியில் லினக்ஸ் இன்று 0 என்று சொல்வது நாளை 1 ஆகலாம். பெயரை நம்பி இறக்கினால் யாருடைய தரவு டிஸ்கோ போய்விடும். சீரியல் எண்ணையும் அளவையும் பார்த்து உறுதிப்படுத்துங்கள். சந்தேகம் இருந்தால் இரண்டாவது டிஸ்கைக் கழற்றிவிடுங்கள். டிஸ்கே தெரியவில்லை என்றால், பயாஸில் ரெய்டு அல்லது விஎம்டி (டிஸ்கை நேரடியாகக் காட்டாத நிலைகள்) ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். டிஸ்கை நேரடியாகக் காட்டும் ஏஎச்சிஐ நிலைக்கு மாற்றினால் தெரியும். ஆனால் மூல விண்டோஸ் ரெய்டு நிலையில் நிறுவப்பட்டதென்றால், மாற்றிய கையோடு நீலத்திரை வரலாம்.

எல்லாம் முடிந்தும் பூட் ஆகவில்லையா? ஈஎஃப்ஐ பூட் பதிவு இருப்பது மதர்போர்டின் நினைவகத்தில், டிஸ்கில் அல்ல. அதனால் அது இமேஜோடு வராது. அதைத் திரும்ப எழுத, விண்டோஸ் யுஎஸ்பியில் பூட் செய்து பிசிடிபூட் (bcdboot) கட்டளையை ஓட்டுங்கள். அதற்கு முன், மூலமும் இலக்கும் இரண்டுமே யுஈஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பதிலாக வந்தது) நிலையிலா என்று ஒரு பார்வை.

லினக்ஸ் இமேஜ் என்றால் இன்னொன்று. 2023-இல் வந்த ஈ2எஃப்எஸ்புராக்ஸ் (e2fsprogs) கருவித் தொகுப்பின் 1.47 பதிப்பு, லினக்ஸ் ஃபைல்களை வைக்கும் முறையான ஈஎக்ஸ்டி4-இல் இரண்டு புதிய வசதிகளை இயல்பாகவே ஆன் செய்தது. அதற்கு முந்தைய கருவிகளை வைத்திருக்கும் பழைய குளோன் சர்வர், 'எனக்குத் தெரியாத வசதி' என்று சுருக்கவோ சோதிக்கவோ மறுக்கும். டிஸ்க் கெட்டுப்போகவில்லை, சர்வரைப் புதுப்பித்தால் போதும்.

மல்டிகாஸ்ட்டுக்கு (ஒரே நேரத்தில் பல கணினிகளுக்கு இறக்குவது) போகும் முன் ஒவ்வொரு மாடலிலும் ஒரு கணினிக்குத் தனியாக இறக்கிப் பாருங்கள். கூட்டத்தில் ஒன்றின் டிஸ்க் சிறியதாக இருந்து அது நின்றுவிட்டால், அதற்காக மற்றவை காத்துக்கிடக்கும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது சுவிட்ச் கோளாறு போலவே தெரியும்.