குழந்தைக்கு எஸ்விடி: செவிலியர் கையில் இருக்கும் வேலை

எஸ்விடி என்பது இதயத்தின் மேல்பகுதியில் தொடங்கும் அதிவேகத் துடிப்பு. மானிட்டர் நிமிடத்துக்கு 240 துடிப்பு காட்டினால் முதலில் ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கேளுங்கள். ஈசிஜி கோட்டில் ஒவ்வொரு துடிப்பின் கடைசியிலும் வரும் டி அலை உயரமாக இருந்தால் அதையும் ஒரு துடிப்பாக எண்ணி மானிட்டர் இரட்டிப்பாகக் காட்டுவதுண்டு. துடிப்பு கைக்குழந்தைக்கு 220-க்கு மேலும், வளர்ந்த குழந்தைக்கு 180-க்கு மேலும் போய், அழுதாலும் தூங்கினாலும் எண் அசையாமல் நின்றால் எஸ்விடியைச் சந்தேகியுங்கள். காய்ச்சலிலோ நீரிழப்பிலோ வரும் வேகம் இப்படி ஒரே இடத்தில் நிற்காது.

மருத்துவரை அழைத்து, 12 லீட் ஈசிஜி எடுங்கள். குழந்தை சோர்ந்து துவண்டு, கைகால் சில்லிட்டு, ரத்த அழுத்தமும் இறங்கினால் சிங்க்ரனைஸ்டு ஷாக்தான் (இதயத் துடிப்போடு நேரம் பொருத்திக் கொடுக்கும் மின்னதிர்ச்சி): கிலோவுக்கு 0.5 முதல் 1 ஜூல். பல கருவிகளில் ஒரு ஷாக்குக்குப் பின் இந்த நேரம் பொருத்தும் 'சிங்க்' பொத்தான் தானாக அணைந்துவிடும். அடுத்த ஷாக்குக்கு முன் மறுபடி அழுத்த வேண்டும்.

நிலை சீராக இருந்தால், ஐஸும் தண்ணீரும் கலந்த பையைக் கைக்குழந்தையின் நெற்றியிலும் மூக்குத்தண்டின் மேற்பகுதியிலும் 15 முதல் 30 நொடி வையுங்கள். மூக்கும் வாயும் மூடக்கூடாது. கண்ணை அழுத்தவே கூடாது.

துடிப்பு மசியவில்லை என்றால் அடினோசின் ஊசி; இதயத்தின் மின்கடத்தலைச் சில நொடி தடுத்து வேகத்தை முறிக்கும் மருந்து. மருந்து சரியாக இருந்தும் வேலை செய்யாமல் போவது பெரும்பாலும் செலுத்தும் விதத்தால்தான். ரத்தத்தில் அதன் அரை ஆயுள் 10 நொடிக்கும் குறைவு. புறங்கை நரம்பில் மெதுவாகப் போட்டால் இதயத்தை எட்டும் முன்பே கரைந்துவிடும். முழங்கை மடிப்பில் கேனுலா, அதை ஒட்டி த்ரீ-வே (மூன்று வாய் உள்ள திருகு), ஒரு வாயில் மருந்து, மறு வாயில் 5 முதல் 10 மி.லி. சலைன். முதல் டோஸ் கிலோவுக்கு 0.1 மி.கி. (உச்சம் 6), அடுத்தது 0.2 (உச்சம் 12). 5 கிலோ குழந்தைக்கு 0.5 மி.கி.; மி.லி.க்கு 3 மி.கி. உள்ள குப்பியில் அது வெறும் 0.17 மி.லி. சலைன் உடனே பின்னால் துரத்தாவிட்டால் அந்தச் சொட்டு த்ரீ-வேயிலேயே தங்கிவிடும். ஆஸ்துமா உண்டா, தியோஃபிலின் (மூச்சிரைப்பு மருந்து) எடுக்கிறதா என்று முன்பே கேளுங்கள்.

ஈசிஜி தாள் ஓடிக்கொண்டே இருக்கட்டும். துடிப்பு மாறும் அந்தச் சில நொடிப் பதிவுதான் நோயறியப் பயன்படும். கோடு சில நொடி தட்டையாகலாம். பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். டிஃபிப்ரிலேட்டர் பக்கத்திலேயே இருக்கட்டும்.

துடிப்பு சீரானதும் மறுபடி 12 லீட் எடுத்து, டெல்டா அலை (இதயத்தில் கூடுதல் மின்பாதை இருப்பதைக் காட்டும் அடையாளம்) தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒரு வயதுக்குட்பட்டவருக்கு வெராபமில் (துடிப்பைக் குறைக்கும் இன்னொரு மருந்து) ஊசி எழுதியிருந்தால் போடாமல் மருத்துவரிடம் கேளுங்கள். துடிப்பைக் கட்டுப்படுத்தும் புரோப்ரனலால் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால், பாலோடு கொடுக்கவும், குழந்தை பால் குடிக்காத நாளில் மருந்து கொடுக்கும் முன் அழைக்கவும் தாயிடம் சொல்லுங்கள். வெறும் வயிற்றில் கொடுத்தால் ரத்தச் சர்க்கரை இறங்கிவிடும்.