ஐஸ்பிரேக்கர் நடத்துகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பயிற்சிப் பட்டறை என்றாலே முதலில் ஐஸ்பிரேக்கர் என்று தயக்கம் போக்கும் ஒரு விளையாட்டு வைத்தாக வேண்டும் என்பது எழுதப்படாத விதியாகிவிட்டது. வந்து உட்கார்ந்தவர்களை எழுப்பி, வட்டமாக நிற்கவைத்து, கை தட்டச் சொல்லி, நாலு தடவை சிரிக்க வைத்துவிட்டால் 'செம எனர்ஜி' என்று நடத்துபவருக்குத் திருப்தி. அரை மணி நேரம் கழித்து முதல் உருப்படியான கேள்வியைக் கேட்டால், வழக்கமாகப் பேசுகிற அதே நாலு பேர்தான் பேசுவார்கள். விளையாட்டில் சிரித்த மற்றவர்கள் குனிந்து நோட்டில் ஏதோ கிறுக்கிக்கொண்டிருப்பார்கள்.

ஐஸ்பிரேக்கருக்கு இருக்கும் வேலை ரொம்பச் சின்னது. உண்மையான வேலை தொடங்குவதற்கு முன் அறையில் இருக்கும் ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது வாயைத் திறந்திருக்க வேண்டும், அதை யாராவது காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டும். அதற்காக யாரும் கூனிக்குறுக வேண்டியிருக்கக் கூடாது. ஒருமுறை பேசிவிட்டவருக்கு அடுத்த முறை பேசுவது சுலபம். கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை இந்தச் சின்ன வேலையைப் பங்கேற்பாளருக்குப் பெரிய பாரமாக்கிவிடுகின்றன.

வரிசையாக அறிமுகம்

தவறு என்றே தெரியாமல் எல்லா இடத்திலும் நடப்பது இது. "பெயர், வேலை, எதற்காக வந்திருக்கிறீர்கள், ஆளுக்கு ஒரு நிமிடம்" என்று ஆரம்பிப்பார்கள். ஒரு நிமிடத்தில் யாரும் முடிப்பதில்லை. முதல் ஆள் கொஞ்சம் நீட்டினால் அதுவே அளவாகிவிடும். அடுத்தவர் பட்டம், பதவி, முந்தைய பதவி எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்வார். 30 பேர், ஆளுக்கு இரண்டு நிமிடம் என்றால் முழுதாக ஒரு மணி நேரம் போச்சு. அதில் ஒருவர் பேசியது இரண்டு நிமிடம், சும்மா உட்கார்ந்திருந்தது 58 நிமிடம்.

நேரம் போனாலும் பரவாயில்லை, யாராவது கேட்டார்களா என்றால் அதுவும் இல்லை. தன் முறை நெருங்குகிறவர் முகத்தைக் கவனியுங்கள். முன்னால் இன்னும் மூன்று பேர் இருக்கும்போதே பார்வை எங்கேயோ போய்விடும். பேனா மூடியைத் திறந்து திறந்து மூடுவார். உதடு லேசாக அசையும், உள்ளே ஒத்திகை ஓடுகிறது. பேசி முடித்த பிறகோ 'ஒழுங்காகச் சொன்னேனா' என்ற யோசனை. இடையில் யார் என்ன சொன்னார்கள் என்பது மனதில் ஏறவே ஏறாது. மால்கம் பிரென்னர் என்ற உளவியலாளர் 1973-இல் இதைச் சோதனையிலேயே காட்டினார். முறைவைத்துச் சொற்களை உரக்க வாசித்தவர்களுக்கு, தங்கள் முறைக்குச் சற்று முன்பு மற்றவர்கள் வாசித்த சொற்கள் சரியாக நினைவில் நிற்கவில்லை.

அதே அறிமுகத்தை ஜோடியாகச் செய்யவைத்துப் பாருங்கள். பக்கத்தில் இருப்பவரோடு ஆளுக்கு இரண்டு நிமிடம். நாலே நிமிடத்தில் 30 பேரும் பேசியிருப்பார்கள். ஜோடியை மாற்றி இன்னொரு சுற்று விட்டால் பத்து நிமிடத்துக்குள் ஒவ்வொருவருக்கும் அறையில் இரண்டு முகங்கள் பழகியிருக்கும். எல்லார் பெயரும் எல்லாருக்கும் தெரிய வேண்டாமா என்றால், சட்டையில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிக்கொண்டால் போதும். ஒரே மூச்சில் 30 பெயரைக் கேட்டு நினைவில் வைத்துக்கொள்கிறவரை நான் பார்த்ததில்லை. பத்து பேருக்கு உட்பட்ட கூட்டம் என்றால் வரிசை முறை தப்பில்லை.

யாருக்கும் தெரியாத விஷயம்

"உங்களைப் பற்றி இங்கே யாருக்கும் தெரியாத ஒன்றைச் சொல்லுங்கள்" என்பது பிரபலமான கேள்வி. யாருக்கும் தெரியாமல் வைத்திருக்க அவரிடம் ஒரு காரணம் இருக்குமே! "சிறுவயதின் இனிமையான நினைவு", "அப்பா சொல்லிக்கொடுத்த பாடம்" எல்லாம் கேட்க இதமாகத்தான் இருக்கும். போன மாதம் அப்பாவைப் பறிகொடுத்தவர் அந்த அறையில் இருந்தால் என்ன செய்வார்? பொய் சொல்வார், இல்லை எழுந்து வெளியே போவார்.

ஆழமான கேள்விகள் மனிதர்களை நெருங்கவைக்கும் என்பதற்கு உளவியலாளர் ஆர்தர் ஆரனின் 36 கேள்விகளை உதாரணம் காட்டுவார்கள். 1997-இல் வெளியான அந்த ஆய்வில் கேள்விகள் மெதுவாகத்தான் ஆழமாகின, சுமார் முக்கால் மணி நேரம் எடுத்தது, பேசியவர்கள் இரண்டிரண்டு பேர். அதில் கடைசிக் கட்டக் கேள்வியை உருவி, 30 பேர் பார்க்க முதல் நிமிடத்தில் கேட்டால் அந்த நெருக்கம் எப்படி வரும்?

மறுபக்கம், "நீங்கள் ஒரு விலங்காக இருந்தால்?" வகைக் கேள்விகள். யாருக்கும் வலிக்காது, யாருக்கும் பயனும் இல்லை. சிங்கம், கழுகு, யானை என்று மூன்று பதிலோடு முடிந்துவிடும். பதில் சொல்ல எளிதாகவும், அன்றைய வேலையோடு ஒட்டியதாகவும் இருக்கும் கேள்விதான் நல்ல கேள்வி. கூட்டங்களை எப்படி நடத்துவது என்பது பட்டறையின் தலைப்பு என்று வையுங்கள். "சமீபத்தில் நீங்கள் உட்கார்ந்த மீட்டிங்குகளில் எது சீக்கிரம் முடிந்தது, ஏன்?" என்று கேட்கலாம். அந்தரங்கம் எதையும் தொடாது. அதில் வரும் பதில்களை மதியம் வரை எடுத்துப் பேசலாம்.

தொடுவது, விழுவது, கண்ணைக் கட்டுவது

கைகளைப் பின்னிக்கொண்டு முடிச்சவிழ்ப்பது, பின்பக்கமாக விழுந்து அடுத்தவர் பிடிக்க விடுவது போன்றவை வயது, உடை, மூட்டுவலி, கர்ப்பம் எதையும் கணக்கில் எடுக்காத விளையாட்டுகள். அரை நாள் பட்டறைக்கு இவை தேவையே இல்லை என்பது என் கட்சி. நடத்தியே தீர வேண்டும் என்றால் "விருப்பமில்லாதவர்கள் ஒதுங்கிக்கொள்ளலாம்" என்ற அறிவிப்பு போதாது, ஒதுங்குகிறவரை எல்லாக் கண்களும் பார்க்கும். நேரம் பார்ப்பவர், நடப்பதைக் கவனித்துக் குறிப்பெடுப்பவர் என்று சில வேலைகளை முதலிலேயே அறிவித்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டால் யாரும் காரணம் சொல்ல வேண்டியிருக்காது.

குழு பிரிப்பதும் விதி சொல்வதும்

"உங்களுக்குப் பிடித்தவர்களோடு நாலு பேராகச் சேருங்கள்" என்றால் ஏற்கெனவே பழகியவர்கள் ஒட்டிக்கொள்வார்கள். கடைசியில் ஒருவர் நடு அறையில் தனியாக நிற்பார், நீங்கள் "இவரை யாராவது சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று கெஞ்சுவீர்கள். அந்த ஆள் அன்று முழுக்க மீள்வது கஷ்டம். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிப் பிரிப்பது பழைய முறைதான், ஆனால் சேர்ந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தவர்களை நோகாமல் பிரித்துவிடும். மிச்சக் கணக்கையும் முன்கூட்டியே போட்டுவையுங்கள். 23 பேர் வந்தால் நாலு பேர் கொண்ட ஐந்து குழு, மூன்று பேர் கொண்ட ஒரு குழு.

குழு பெரிதானால் ஒளிந்துகொள்ள இடம் கிடைக்கும். நாலு பேருக்குள் ஆறு ஜோடி உறவுகள்தான், எட்டுப் பேருக்குள் 28. ஆட்கள் கூடக்கூட ஆளுக்கு இழுக்கும் பலம் குறைவதைக் கயிறு இழுக்கவைத்து அளந்தவர் பிரெஞ்சு வேளாண் பொறியாளர் மாக்சிமிலியன் ரிங்கல்மான். முடிவுகள் 1913-இல் வெளியாயின. குழு விவாதத்தில் எட்டாவது ஆள் போனைப் பார்ப்பதில் ஆச்சரியம் இல்லை.

விதி சொல்லும் வரிசையில்தான் பல நல்ல செயல்பாடுகள் கவிழ்கின்றன. "சரி, நாலு நாலு பேராக உட்காருங்கள்..." என்று நடத்துபவர் சொன்னவுடனே நாற்காலி இழுபடத் தொடங்கும். அந்தச் சத்தத்துக்கு நடுவே அவர் மீதி மூன்று விதிகளைக் கத்திச் சொல்வார். அப்புறம் ஒவ்வொரு மேசையாக அலைந்து திரும்பச் சொல்ல வேண்டியதுதான். முதலில் என்ன செய்யப்போகிறோம், எவ்வளவு நேரம், முடிவில் கையில் என்ன இருக்க வேண்டும் என்பதைச் சொல்லி, கேள்வியைத் திரையிலோ போர்டிலோ எழுதி வையுங்கள். சந்தேகம் கேட்க விடுங்கள். 'எழுந்திருங்கள்' கடைசி வாக்கியமாக வரட்டும். காகிதம், கயிறு போன்ற பொருட்களைக் கொடுப்பது அதற்கும் பிறகு. கையில் பொருள் வந்த பின் யாரும் காது கொடுப்பதில்லை.

எல்லாரும் சேர்ந்து யோசிக்கலாம் வாங்க

யோசனை திரட்டும் செயல்பாட்டில், எடுத்த எடுப்பில் எல்லாரையும் சேர்ந்து பேசவைப்பது தவறு. இப்படிக் கூடிப் பேசி யோசனை திரட்டும் பிரெயின்ஸ்டார்மிங்கைப் பிரபலமாக்கியவர் விளம்பரத் துறையைச் சேர்ந்த அலெக்ஸ் ஆஸ்பார்ன். 1958-இல் யேல் பல்கலைக்கழகத்தில் அதைச் சோதித்தபோது, தனித்தனியாக யோசித்த நால்வரின் யோசனைகளைக் கூட்டினால் சேர்ந்து யோசித்த நால்வரைவிட அதிகம் வந்தது. டீல், ஸ்ட்ரோபே என்ற உளவியலாளர்கள் இருவரும் 1987-இல் முக்கியக் காரணத்தைக் காட்டினார்கள்: ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டியிருக்கிறது, காத்திருப்பதற்குள் யோசனை போய்விடுகிறது. அதனால் முதல் மூன்று நிமிடம் மௌனமாக எழுத விடுங்கள், பிறகு ஜோடி, பிறகு நாலு பேர். மேலதிகாரி இருக்கும் அறையில் இது இன்னும் அவசியம். அவர் முதலில் வாயைத் திறந்துவிட்டால் மற்ற யோசனைகள் எல்லாம் அதையே சுற்றும். இடைவேளையில் அவரைத் தனியாகப் பார்த்து, கடைசியில் பேசச் சொல்லிக் கேட்டுக்கொள்ளலாம். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

ஆடி முடித்ததும் அப்படியே விட்டுவிடுவது

மார்ஷ்மெல்லோ கோபுரத்தைப் பலரும் நடத்துகிறார்கள். சமைக்காத 20 ஸ்பாகெட்டிக் குச்சி, ஒரு கெஜம் டேப், ஒரு கெஜம் நூல், மார்ஷ்மெல்லோ என்ற பஞ்சு போன்ற மிட்டாய் ஒன்று, 18 நிமிடம். உயரமான கோபுரம் கட்டி உச்சியில் மார்ஷ்மெல்லோவை வைக்க வேண்டும். பீட்டர் ஸ்கில்மன் உருவாக்கியது, டாம் வூஜெக் 2010-இல் ஆற்றிய டெட் உரைக்குப் பிறகு உலகம் முழுக்கப் பரவியது. பெரும்பாலான குழுக்கள் 17 நிமிடம் திட்டமிட்டுக் கட்டி, கடைசி நிமிடத்தில் மார்ஷ்மெல்லோவை மேலே வைப்பார்கள், கோபுரம் மடியும், சிரிப்பு வெடிக்கும். நடத்துபவர் அளந்து, வென்ற குழுவுக்குப் பரிசு கொடுத்து, "இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டீர்கள்?" என்று கேட்பார். "டீம் வொர்க் முக்கியம் சார்." எல்லாரும் கை தட்டுவார்கள். அடுத்த ஸ்லைடு.

அந்தக் கேள்விக்கு அந்தப் பதில்தான் வரும். நடந்ததைப் பற்றி முதலில் கேளுங்கள். "உங்கள் குழு மார்ஷ்மெல்லோவை முதன்முதலாக மேலே வைத்துப் பார்த்தது எத்தனையாவது நிமிடத்தில்?" ஒவ்வொரு குழுவும் ஒரு எண் சொல்லும், போர்டில் எழுதுங்கள். "இது தாங்காது என்று உங்களில் யாருக்காவது முன்பே தோன்றியதா? தோன்றியும் ஏன் சொல்லவில்லை?" இந்த இடத்தில் அறை அமைதியாகும். அவசரப்பட்டு அந்த அமைதியை நீங்களே நிரப்பிவிடாதீர்கள், மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். யாராவது ஒருவர் "எனக்குத் தோணுச்சு, ஆனா எல்லாரும் மும்முரமா இருந்தாங்க" என்பார். அப்புறம்தான் "வேலையில் இது எங்கே நடக்கிறது?" என்ற கேள்வி. 18 நிமிட ஆட்டத்துக்குக் குறைந்தது 20 நிமிடமாவது இந்த அலசலுக்கு வேண்டும். அவ்வளவு நேரம் இல்லையென்றால் ஆட்டமே வேண்டாம்.

பரிசும் இங்கே குறுக்கே வரும். சாக்லேட் ஒன்றுதான் என்றாலும் தோற்ற குழு அளவுகோலைப் பற்றியே வாதாடும். இன்னொன்று, பிரபலமான ஆட்டங்களை ஏற்கெனவே ஆடியவர்கள் நிச்சயம் இருப்பார்கள். ஆரம்பத்திலேயே கேட்டு, அவர்களைக் கவனிப்பாளர்களாக மாற்றிவிடுங்கள்.

ஆன்லைனில் சிக்கல் வேறு மாதிரி. ஆட்களைச் சிறு குழுக்களாகப் பிரித்துத் தனித்தனி ஆன்லைன் அறைகளுக்கு அனுப்பியதும் உங்கள் ஸ்லைடு அவர்கள் கண்ணிலிருந்து மறைந்துவிடும், "என்ன பேசச் சொன்னாங்க?" என்றே முதல் இரண்டு நிமிடம் ஓடும். அவர்களை அனுப்புவதற்கு முன்பே, எல்லாரும் திறந்து பார்க்கக்கூடிய ஓரிடத்தில் கேள்வியைப் போட்டுவையுங்கள். மூன்று பேருக்கு எட்டு நிமிடம் கொடுங்கள், முதலில் யார் பேசுவது என்பதையும் நீங்களே முடிவுசெய்துவிடுங்கள், பெயரின் அகரவரிசைப்படி என்றாலும் சரி.

எல்லா இடத்திலும் ஐஸ்பிரேக்கர் வேண்டும் என்றும் இல்லை. தினமும் ஒன்றாக வேலை செய்கிற எட்டுப் பேர், இரண்டு மணி நேரம், முடிவெடுக்க வேண்டிய விஷயம் ஒன்று என்றால் விளையாட்டை விட்டுவிடுங்கள். அன்றைய முதல் கேள்வியையே இரண்டிரண்டு பேராக மூன்று நிமிடம் பேசவைத்துத் தொடங்கினால் போதும்.