மொரீஷியஸ் கோவில்களையும் தெருக்களையும் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் வரைவது எப்படி

2004இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய இணைய உலக வரைபடம் ஓபன்ஸ்ட்ரீட்மேப். யாரும் திருத்தலாம், யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். 2012 முதல் அதன் தரவு ஓடிபிஎல் என்ற திறந்த தரவுத்தள உரிமத்தில் வருகிறது. மூலத்தைக் குறிப்பிட்டால் அச்சடிக்கலாம், செயலியில் சேர்க்கலாம், விற்கவும் செய்யலாம். ஒரு கோவில் பெயரில்லாத புள்ளியாகவோ பிரெஞ்சு வழக்கு எழுத்துக்கூட்டலில் மட்டுமோ பதிவாகியிருந்தால், தமிழில் தேடுகிறவருக்கு அது அகப்படாது. அதைச் சரிசெய்ய அந்த ஊரில் நடமாடுகிறவர்தான் வேண்டும். செயற்கைக்கோள் படத்தில் கூரை தெரியும். கோவில் பெயரும், வாசல் எந்தத் தெருவில் என்பதும் தெரியாது.

கணக்கு திறக்க மின்னஞ்சல் போதும். கணினியில் உலாவியிலேயே திறக்கும் ஐடி என்ற திருத்தியில் தொடங்குங்கள். ஆண்ட்ராய்டு கைபேசியில் ஸ்ட்ரீட்கம்ப்ளீட் இருந்தால், நடந்து போகும்போதே "இந்தத் தெருவுக்குத் தார் போட்டிருக்கிறதா?" என்பது போன்ற கேள்விகளைக் கேட்டு விடையைப் பதிந்துகொள்ளும். கணினியில் நிறுவிப் பயன்படுத்தும் ஜோசம் என்ற திருத்தி திறன் மிகுந்தது, ஆனால் முதல் மாதத்தில் அது தேவையில்லை.

கோவிலுக்குப் போகும்போது பெயர்ப்பலகையைப் படம் எடுங்கள், தமிழ்ப் பகுதி தனியாகத் தெளிவாக இருக்கட்டும். வண்டி நுழையும் வாசல், நடந்து வரும் வாசல், படிகளின் எண்ணிக்கை, வண்டி நிறுத்துமிடம், கழிப்பறை, சக்கர நாற்காலி ஏற வழி உண்டா என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். திறந்த வானத்தின் கீழ் கைபேசியின் ஜிபிஎஸ் சுமார் 3 முதல் 5 மீட்டர் வரை பிசகும். மண்டபத்துக்குள் நின்று எடுத்தால் பிசகு பல மடங்காகும். வெளியே வந்து, ஒரு நிமிடம் அசையாமல் நின்று, பிறகு புள்ளியைப் பதியுங்கள்.

வரையும்போது முதலில் பார்க்க வேண்டியது, அதே கோவிலுக்கு ஏற்கெனவே புள்ளி இருக்கிறதா என்பது. இருந்தால் அதை அழிக்காதீர்கள். மதில் சுற்றளவைப் பரப்பாக வரைந்து, புள்ளியையும் பரப்பையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, ஐடியில் சி விசையை அழுத்தினால் இரண்டும் ஒன்றாகும்; முன்பு ஒருவர் இட்ட விவரங்கள் பரப்புக்கு வந்து சேரும். வழிபாட்டிடம், இந்து சமயம் என்ற குறிச்சொற்கள் (ஒன்று என்ன வகை என்று சொல்லும் விவரங்கள்) இந்த வளாகப் பரப்புக்கு உரியவை. உள்ளே இருக்கும் கட்டடத்தைத் தனியாக வரைந்து 'கோவில் கட்டடம்' என்று மட்டும் குறியுங்கள். அதற்கும் வழிபாட்டிடக் குறிச்சொல் இட்டால் ஒரே கோவில் இரண்டு கோவிலாகத் தெரியும். கோபுரம் செயற்கைக்கோள் படத்தில் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், ஏனென்றால் படம் நேர் மேலிருந்து எடுக்கப்பட்டதல்ல. உச்சியை வரைந்தால் கட்டடம் தெருவுக்குள் வந்துவிடும். தரையைத் தொடும் அடித்தளத்தையே வரையுங்கள். மூலைகளைச் செங்கோணமாக்க கியூ விசை. கரும்புத் தோட்ட ஓரத்து காளிமாய் போன்ற சிறு வழிபாட்டு மேடைகளுக்குக் கோவில் குறிச்சொல் வேண்டாம், வழியோரச் சன்னதி என்ற வகை இருக்கிறது.

இனி பெயர். இதில்தான் அதிகமாகத் தவறு நேர்கிறது. பொதுவான பெயர்ப் பெட்டியில் பலகையில் முதன்மையாக எழுதியிருப்பது போகட்டும், அது 'அம்மென்', 'சூப்ரமணியார்' என்ற உள்ளூர் எழுத்துக்கூட்டலில் லத்தீன் எழுத்தில் இருந்தாலும் அப்படியே. அதைத் திருத்தும் உரிமை நமக்கில்லை. பக்கத்தில் உள்ள கூட்டல் குறியை அழுத்தி, மொழியாகத் தமிழைத் தேர்ந்து, தமிழ்ப் பெயரைத் தனியாக இடுங்கள். லத்தீன் எழுத்திலிருந்து நீங்களாகத் தமிழாக்க வேண்டாம். பலகையில் தமிழ் இல்லையென்றால் குருக்களையோ நிர்வாகத்தினரையோ கேளுங்கள். இரண்டு மொழிகளையும் சாய்கோடு போட்டு ஒரே பெட்டியில் திணித்தால் தேடல் குழம்பும். மக்கள் வாயில் வழங்கும் பெயருக்கு மாற்றுப்பெயர்ப் பெட்டி உண்டு. போர்ட் லூயிஸில் சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோவிலைப் பலரும் 'கைலாசோன்' என்றே சொல்கிறார்கள். இப்படிப்பட்ட பெயருக்கு அதுவே இடம். காத்ர் போர்னில் கோர் து கார்த் மலைச்சரிவில் உள்ள முருகன் கோவில் போன்ற இடங்களில் படிக்கட்டைச் சாதாரண நடைபாதையாக வரையாமல் படிகள் என்றே குறித்து, எண்ணிக்கையையும் ஏறும் திசையையும் இடுங்கள். காவடி எடுத்து வருகிறவர்களோடு வரும் முதியவர்களுக்கு இந்த ஒரு விவரம் பெரிய உதவி.

தெருக்களில் முக்கியமானது இணைப்பு. இரண்டு தெருக்கோடுகள் கண்ணுக்குத் தொட்டாலும் பொதுப்புள்ளி இல்லையென்றால், வழிகாட்டும் செயலி அங்கே தெரு முடிந்ததாகவே எண்ணி ஊரைச் சுற்ற வைக்கும். கடைசிப் புள்ளியை மற்றத் தெருவின் மேல் இழுத்து விட்டால் ஒட்டிக்கொள்ளும். மொரீஷியஸில் வண்டிகள் இடப்பக்கம் ஓடுவதால் ரவுண்டபவுட்டைக் கடிகாரச் சுழற்சியில் வரைய வேண்டும். திசை மாறியிருந்தால் வி விசை திருப்பிவிடும். ராயல் ரோடு என்ற பெயர் ஊருக்கு ஊர் வருவதால், முகவரி இடும்போது ஊர்ப்பெயரையும் சேர்க்காவிட்டால் பயனில்லை. கரும்புக் காட்டுக்குள் போகும் மண்பாதைகளைத் தோட்டப்பாதை என்று குறித்து, சங்கிலியோ கதவோ இருந்தால் தனியார் அனுமதி என்றும் சேருங்கள். விட்டுவிட்டால் செயலி வண்டியைக் கரும்புக்குள் அனுப்பும்.

படம் நகர்ந்திருக்கிறதா என்று பார்க்காமல் எதையும் வரையாதீர்கள். மலைச்சரிவில் செயற்கைக்கோள் படம் பல மீட்டர் தள்ளி ஒட்டப்பட்டிருக்கலாம். மற்றவர்கள் பதிவேற்றிய ஜிபிஎஸ் தடங்களைத் திரையில் காட்டி, பல தடங்கள் ஒன்றாக ஓடும் சாலையோடு படம் பொருந்துமாறு பின்னணியை நகர்த்துங்கள். ஒரே தடத்தை நம்ப வேண்டாம்.

ஓடைகளுக்கும் வடிகால்களுக்கும் நேரம் கொடுங்கள். 2013 மார்ச் 30ஆம் தேதி திடீர் வெள்ளம் போர்ட் லூயிஸில் 11 பேரைக் கொண்டுபோனது. தண்ணீர் எங்கே திறந்து ஓடுகிறது, எங்கே தெருவுக்கு அடியில் குழாயில் புகுகிறது என்பதை மேலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. நீர் ஓடும் திசையிலேயே கோட்டை வரைந்து, தெருவைக் கடக்கும் துண்டை மட்டும் வெட்டி, மதகுக் குழாய் என்றும் அடுக்கு கழித்தல் 1 (அதாவது தெருவுக்குக் கீழே) என்றும் குறியுங்கள். முழு ஓடைக்கும் அந்தக் குறி விழுந்தால் அத்தனையும் நிலத்தடியில் போவதாகிவிடும்.

கடற்கரைக் கோட்டைப் பழகும்வரை தொடாதீர்கள். கோடு போகும் திசைக்கு இடப்பக்கம் நிலம், வலப்பக்கம் கடல் என்பது விதி. ஒரு துண்டு திரும்பினாலோ அறுந்தாலோ தீவின் ஒரு பகுதி கடலாகக் காட்சி தரக்கூடும்.

கூகுள் மேப்பிலிருந்து ஒரு பெயரைக்கூட எடுக்கக் கூடாது; அவர்களது உரிமம் அதற்கு இடம் தராது, கண்டுபிடிக்கப்பட்டால் உங்கள் திருத்தங்கள் நீக்கப்படும். திருத்தியிலேயே வரும் பிங், எஸ்ரி செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து வரையலாம். வீட்டில் குடியிருப்பவர் பெயரை எங்கும் இடாதீர்கள்.

சேமிக்கும்போது ஒரு கோவில், ஒரு தெரு என்று சிறு தொகுப்பாக அனுப்புங்கள். போர்ட் லூயிஸில் ஒரு கோவிலையும் தென்கிழக்கே மாயேபூரில் ஒரு கடையையும் ஒரே தொகுப்பில் அனுப்பினால் அந்தத் தொகுப்பின் எல்லை பாதித் தீவைத் தழுவும் பெட்டியாகிவிடும், மற்றவர்களால் சரிபார்க்க முடியாது. குறிப்பில் "பலகையை நேரில் பார்த்துத் தமிழ்ப் பெயர் சேர்த்தது" என்று எழுதுங்கள். யாராவது கேள்வி கேட்டால் பலகைப் படத்தோடு பதில் சொல்லுங்கள்.

சில நிமிடங்களில் இணைய வரைபடத்தில் மாற்றம் தெரியும். ஆர்கானிக் மேப்ஸ், ஓஎஸ்எம்அண்ட் போன்ற செயலிகளில் அடுத்த தரவிறக்கம் வரை காத்திருக்க வேண்டும். அடுத்து எங்கே போவது என்று தெரியவில்லையென்றால், இந்த வரைபடத் தரவைச் சலித்துக் காட்டும் ஓவர்பாஸ் டர்போ என்ற இணையதளத்தில் தீவைத் திரையில் வைத்து, தமிழ்ப் பெயர் இல்லாத இந்து வழிபாட்டிடங்களை மட்டும் காட்டச் சொல்லுங்கள். வரும் பட்டியலில் தமிழ்க் கோவில்களைப் பிரித்தெடுங்கள், வட இந்திய மரபு மந்திர்களுக்குத் தமிழ்ப் பெயர் திணிக்க வேண்டாம்.