வேலூரில் லித்தியம் டெட்ராபோரேட் படிக இழை வளர்க்க

532 நானோமீட்டர் பச்சை லேசரை 266 நானோமீட்டர் புற ஊதாவாக மாற்ற உதவும் படிகம் இது. 917 டிகிரி செல்சியஸில் சிதையாமல் உருகுவது பெரிய வரம்.

லித்தியம் கார்பனேட் 7.39 கிராம், போரிக் அமிலம் 24.73 கிராம், இரண்டும் 99.99 சதவீதத் தூய்மை. போரான் ஆவியாகும், அமிலத்தை 1 சதவீதம் கூட்டுங்கள். எஃகுக் கரண்டி கூடவே கூடாது. இரும்பு புற ஊதாவை விழுங்கிவிடும். ஐப்பசி அடைமழையில் வேலூர்க் காற்று ஈரம் கோத்திருக்கும்; கார்பனேட்டை 120 டிகிரியில் உலர்த்தி, ஆறவிட்டு நிறுங்கள்.

இரண்டு மாவையும் கலந்து, 200 டிகிரி வரை மெதுவாகச் சூடேற்றுங்கள்; அவசரப்பட்டால் நீராவி பொங்கி மாவு வழியும். 700 டிகிரியில் எட்டு மணி நேரம் வையுங்கள். பிறகு அடியில் அரை மில்லிமீட்டர் துளையுள்ள பிளாட்டினம் மூசையில் உருக்குங்கள். துளையில் தொங்கும் சொட்டை விதைப் படிகம் (இதே படிகத்தின் சிறு துண்டு) கீழிருந்து தொட்டதும், மணிக்கு 2 மில்லிமீட்டராகக் கீழ்நோக்கி இழுக்கத் தொடங்குங்கள்.

உருகியது சர்க்கரைப் பாகுபோல் கெட்டி. வேகம் கூடினால் குமிழி வெளியேறாது; லென்ஸில் பார்த்தால் இழையின் நடுவே வெள்ளை நூல் ஓடும். இன்னும் கூடினால் படிகமே இல்லை, கண்ணாடிதான். இடையில் மின்சாரம் போனால் இழை துளையோடு உறைந்துவிடும். உலை, மோட்டார் இரண்டுக்கும் யூபிஎஸ் வையுங்கள். முடிந்ததும் மணிக்கு 30 டிகிரியாகக் குளிரவிடுங்கள்.