ஸ்மார்ட் மின் விநியோகம்: திட்டம் போடும்போதே நேரும் தவறுகள்

மின் விநியோகத்தை நவீனமாக்கப் போகிறோம் என்றதும் பெரும்பாலும் வீட்டு மீட்டரில்தான் முதலில் கைவைக்கிறார்கள். மின் விநியோகத்தைச் சீரமைக்க 2021இல் மத்திய அரசு அறிவித்த ஆர்.டி.எஸ்.எஸ். திட்டத்தின் மதிப்பு 3 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். அதில் எல்லோர் கண்ணிலும் பட்டது 25 கோடி ப்ரீபெய்டு ஸ்மார்ட் மீட்டர் (முன்பணம் கட்டிப் பயன்படுத்துவது, கணக்கைத் தானே அனுப்பும் மீட்டர்) என்ற இலக்கு. பீடருக்கும் (துணைமின் நிலையத்திலிருந்து டிரான்ஸ்பார்மர்களுக்குப் போகும் மின்பாதை) டிரான்ஸ்பார்மருக்கும் மீட்டர் பொருத்தச் சொன்னதும் அதே திட்டம்தான். என்னைக் கேட்டால், அந்த வேலைதான் முதலில் முடிய வேண்டும். டிரான்ஸ்பார்மரிலிருந்து போன யூனிட்டையும் அதன் கீழுள்ள வீடுகளில் பதிவான யூனிட்டையும் ஒப்பிடாமல், மின்னிழப்பு எந்தத் தெருவில் என்று யாராலும் சொல்ல முடியாது.

இந்த ஒப்பீடு சரியாக வர, எந்த இணைப்பு எந்த டிரான்ஸ்பார்மரில், எந்த ஃபேஸில் இருக்கிறது என்ற பதிவு சுத்தமாக இருக்க வேண்டும். இதைத்தான் அதிகம் அலட்சியப்படுத்துகிறார்கள். கோடையில் லோடு தாங்காமல் போனால் லைன்மேன் பாதித் தெருவைப் பக்கத்து டிரான்ஸ்பார்மருக்கு மாற்றிவிடுவார். மக்களுக்குக் கரண்ட் வந்துவிடும், பதிவேடு பழையபடியே கிடக்கும். அதன்பின் ஒழுங்காகப் பணம் கட்டுகிற தெருவில் மின்திருட்டு நடப்பதுபோலக் கணினி காட்டும். மாற்றியவரே கம்பத்தடியில் நின்று போனில் பதிவு செய்ய வழி வேண்டும். தமிழ்நாட்டில் விவசாய பம்ப்செட்டுகள் பெரும்பாலும் மீட்டர் இல்லாதவை. அங்கே டிரான்ஸ்பார்மர் மீட்டரும் இல்லையென்றால், பாசனத்துக்குப் போனது எவ்வளவு, வீணானது எவ்வளவு என்பது வெறும் மதிப்பீடாகவே நின்றுவிடும்.

அடுத்தது, தொலைவிலிருந்து இணைப்பைத் துண்டிக்கும் வசதி. 2020 ஆகஸ்ட் 12, கிருஷ்ண ஜெயந்தி அன்று உத்தரப் பிரதேசத்தில் தவறாகப் போன ஒரு கட்டளையால் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்மார்ட் மீட்டர் இணைப்புகளில் மின்சாரம் நின்றது. ஒரே கட்டளையில் இத்தனை இணைப்புகளைத்தான் துண்டிக்கலாம் என்ற உச்சவரம்பும், இரண்டாவது அதிகாரியின் ஒப்புதலும் ஒப்பந்தப் புள்ளியிலேயே இடம்பெற வேண்டும்.

கையால் இயக்கும் வசதியையும் ஆட்களையும் குறைப்பது இன்னும் ஆபத்தானது. 2015 டிசம்பர் 23 அன்று உக்ரைனில் மூன்று விநியோக நிறுவனங்களின் கட்டுப்பாட்டுக் கணினிகளுக்குள் ஊடுருவியவர்கள் சுமார் 2,25,000 நுகர்வோரை இருட்டில் தள்ளினார்கள். ஊழியர்கள் துணைமின் நிலையங்களுக்கே போய்க் கையால் சுவிட்சைப் போட்டதால்தான் சில மணி நேரத்தில் மின்சாரம் திரும்பியது.

பிரிட்டனின் முதல் தலைமுறை ஸ்மார்ட் மீட்டர்கள் பல, வாடிக்கையாளர் தன் மின் நிறுவனத்தை மாற்றியதும் தகவல் அனுப்பும் திறனை இழந்தன. இந்தியாவில் ஸ்மார்ட் மீட்டருக்கென ஐ.எஸ். 16444 என்ற தரநிலை இருக்கிறது. ஆனாலும் வெவ்வேறு கம்பெனி மீட்டர்களை ஒரே மென்பொருளில் இணைத்து ஓட்டிப் பார்த்த பிறகே மொத்தமாக வாங்க வேண்டும். அடுக்குமாடிகளின் அடித்தள மீட்டர் அறையில் சிக்னல் கிடைக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

புது மீட்டர் வேகமாக ஓடுகிறது என்று மக்கள் சந்தேகப்படுவது இயல்பு. கேட்பவர் வீட்டில் பழைய மீட்டரையும் சில வாரம் கூடவே ஓடவிட்டு இரண்டு கணக்கையும் அவரிடமே காட்டலாம். அதற்கான ஆளும் செலவும் பட்ஜெட்டில் இருக்க வேண்டும்.