ஆபரேஷன் தியேட்டர் காற்றில் ‘வளர்ச்சி இல்லை’ என்று ரிப்போர்ட் வந்தால் போதுமா?

ஆபரேஷன் தியேட்டர் காற்றில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை பல இடங்களில் ஒரே மாதிரிதான் நடக்கிறது. ஃப்யூமிகேஷன் (கிருமிநாசினிப் புகையூட்டல்) முடிந்ததும் ஆளில்லாத அறையில் அகார் தட்டுகளை (கிருமி வளர ஊட்டக்கூழ் நிரப்பிய தட்டுகளை) திறந்து வைக்கிறார்கள். ‘வளர்ச்சி இல்லை’ என்று ரிப்போர்ட் வருகிறது, கோப்பில் சேர்கிறது. மறுநாள் மேசையில் படுக்கப்போகும் நோயாளி எப்படிப்பட்ட காற்றில் இருப்பார் என்பதை அந்த ரிப்போர்ட் ஏறக்குறைய சொல்வதே இல்லை.

தியேட்டர் காற்றில் பாக்டீரியாவைச் சேர்ப்பவர்கள் பெரும்பாலும் உள்ளே இருக்கும் மனிதர்கள்தான். தோலிலிருந்து உதிரும் நுண்ணிய செதில்களில் அது ஒட்டிக்கொண்டு மிதக்கும். காலி அறையில் எடுத்தால் அறை தயாரா என்பது தெரியும். காயத்தின் மேல் என்ன விழுகிறது என்று அறிய, ஆட்கள் நடமாடி, கதவு திறந்து மூடும் நேரத்திலும் எடுக்க வேண்டும். எது எப்போது எடுத்தது என்று ரிப்போர்ட்டில் குறிக்காவிட்டால் இரண்டும் வீண்.

தட்டை வசதியான மூலையில் வைப்பதும், ஒருமுறை அரை மணி, மறுமுறை இரண்டு மணி என்று நேரத்தை மாற்றுவதும் அடுத்த தவறு. 1/1/1 என்றொரு எளிய முறை உண்டு: 9 செ.மீ. தட்டு, தரையிலிருந்து 1 மீட்டர் உயரம், சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளி, 1 மணி நேரம். எப்போதும் இப்படியே எடுத்தால்தான் போன மாதத்தோடு இந்த மாதத்தை ஒப்பிட முடியும்.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது வேறொன்று. திறந்த தட்டில் வளர்ந்த காலனிகளை (கண்ணுக்குத் தெரியும் கிருமித் திட்டுகளை) எண்ணி, ‘கன மீட்டருக்கு இத்தனை’ என்று எழுதிவிடுகிறார்கள். தட்டைத் தொட்டுப்போன காற்று எவ்வளவு என்று யாரும் அளக்கவில்லையே! அசையாத காற்றில் 10 மைக்ரான் துகள் ஒரு மீட்டர் இறங்க ஐந்தாறு நிமிடம் போதும். சுமார் 3 மைக்ரான் அளவுள்ள ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை வித்துக்கு ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் ஏசி காற்று அதை வேறெங்கோ கொண்டுபோயிருக்கும். எதிர்ப்புச் சக்தி குறைந்த நோயாளிக்கு உயிராபத்தான அந்த வித்தைத்தான் தட்டு தவறவிடுகிறது.

அதற்குக் காற்றை உறிஞ்சும் கருவி வேண்டும். ஆண்டர்சன் வகைக் கருவி நிமிடத்துக்கு 28.3 லிட்டர் இழுக்கும். 10 நிமிடத்தில் 283 லிட்டர். தட்டில் 17 காலனி என்றால் கன மீட்டருக்கு 60. ‘17’ என்று மட்டும் எழுதிய ரிப்போர்ட்டை லேபுக்கே திருப்பி அனுப்புங்கள்.

37 டிகிரியில் ஒரு நாள் வைத்துவிட்டு ‘பூஞ்சை இல்லை’ என்பதும் தவறு. பூஞ்சைக்கென்று தனித் தட்டு, 20 முதல் 25 டிகிரி, 5 முதல் 7 நாள் வேண்டும். காசநோய்க் கிருமியும் வைரஸும் இந்தத் தட்டுகளில் வளரவே வளராது. திறக்காத ஒரு தட்டையும் கூடவே இன்குபேட்டரில் வையுங்கள். அதிலும் காலனி வந்தால் கோளாறு காற்றில் இல்லை.

எண்ணிக்கை கூடியதும் மறுபடி ஃப்யூமிகேஷன் போடுவதுதான் வழக்கம். பழுது அடைத்துப்போன ஃபில்டரிலோ, குறைந்துவிட்ட அறை அழுத்தத்திலோ, ஓயாமல் திறக்கும் கதவிலோ இருந்தால் அடுத்த வாரமே கிருமி திரும்பிவிடும். அமெரிக்காவின் நோய்த்தடுப்பு மையமான சிடிசி 2003-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், காரணமின்றி வாடிக்கையாகக் காற்று மாதிரி எடுப்பதைப் பரிந்துரைக்கவில்லை. அழுத்தமானியைத் தினமும் பார்ப்பதற்கும், நுண்துகள்களைத் தடுக்கும் ஹெப்பா ஃபில்டரில் கசிவு உண்டா என்று சோதிப்பதற்கும் முதலில் செலவிடுங்கள். பக்கத்தில் கட்டட இடிப்பு நடக்கும்போதும், ஒரே வகைத் தொற்று அடுத்தடுத்து வரும்போதும் தட்டையும் கருவியையும் எடுங்கள்.