பால்பல்லில் சூத்தை விழாமல் பார்ப்பது

"விழுந்து முளைக்கிற பல்லுத்தானே" என்று பால்பல்லைக் கவனியாமல் விடுகிறோம். முன்பல் ஆறேழு வயதில் விழும், சரி. பால் கடைவாய்ப்பல்லோ 10, 12 வயதுவரை இருந்து மெல்ல வேண்டியது. சூத்தை பிடித்து அதை முந்திப் பிடுங்கினால் பக்கத்துப் பல் அந்த இடத்துக்குச் சாய்ந்துவிடும். அடியில் காத்திருக்கிற நிலைப்பல் கோணலாக வரும்.

கெடுதல் பெரும்பாலும் இரவில்தான். சீனி போட்ட பால்மாவையோ தேத்தண்ணியையோ சூப்பிப் போத்தலில் குடித்தபடி பிள்ளை தூங்கிவிடும். தூக்கத்தில் உமிழ்நீர் குறைவு. இனிப்பு மேல் முன்பற்களைச் சுற்றித் தேங்கும். கிருமிகள் அதை அமிலமாக்க, பல் கரையும். கீழ் முன்பற்களை நாக்கு மூடியிருப்பதால் அவை தப்பும்.

ஆகவே மேலுதட்டின் அடியைத்தான் பார்க்க வேண்டும். மாதம் ஒருமுறை வாசல் வெளிச்சத்தில் பிள்ளையை இருத்தி, மேலுதட்டைத் தூக்கி, பல்லைச் சுத்தமான துணியால் ஈரம் போகத் துடையுங்கள். முரசோரமாகச் சுண்ணாம்பால் கோடு இழுத்தாற்போல் வெள்ளை தெரிந்தால் அது சூத்தையின் தொடக்கம். ஈரப் பல்லில் அது கண்ணுக்குப் படாது. இந்தக் கட்டத்தில் பல்லை மீட்கலாம். குழி விழுந்தால் பல் வைத்தியர்தான் அடைக்க வேண்டும்.

போத்தலில் போடும் சீனியை ஒரேயடியாக நிறுத்தினால் பிள்ளை அழும். மூன்று நாளைக்கு ஒருமுறை கால்பங்கு குறையுங்கள். இரண்டு கிழமையில் நாக்கு பழகிவிடும். ஒரு வயதானதும் கோப்பைக்கு மாற்றுங்கள். இரவுப் பால் முதலில், பல் தீட்டுவது பிறகு, அதன்பின் தண்ணீர் மட்டும். இனிப்பான பாணி மருந்தையும் பல் தீட்டுமுன் கொடுத்துவிடுங்கள். சூப்பியில் தேன் தொட்டு வைக்கவே வேண்டாம். ஒரு வயதுக்கு முன் தேன் உயிருக்கே ஆபத்தாகலாம்.

முதற்பல் ஏறக்குறைய ஆறு மாதத்தில் வரும். அன்றே தீட்டத் தொடங்குங்கள், காலையும் இரவும். பேஸ்ட் பெட்டியில், பல்லைக் காக்கிற புளோரைட்டின் அளவு 1000 பிபிஎம்முக்கு (ppm) குறையாமல் இருக்க வேண்டும். மூன்று வயதுவரை ஓர் அரிசிமணி அளவு, அதற்கு மேல் ஒரு கௌபி மணி அளவு. உமிக்கரியில் புளோரைட் இல்லை, பல்லையும் தேய்த்துவிடும்.

பாயில் கால்நீட்டி இருந்து பிள்ளையின் தலையை மடியில் வையுங்கள். பிரஷின் பாதி முரசிலும் பாதி பல்லிலும் படப் பிடித்து, சின்னச் சின்ன வட்டமாக இரண்டு நிமிடம் தீட்டுங்கள். மேல் கடைவாய்ப்பல்லின் கன்னப் பக்கந்தான் அதிகம் தவறுவது. வாயை ஆவென்று திறந்தால் கன்னம் இறுகி பிரஷ் நுழையாது. பாதி மூடச் சொல்லுங்கள், தாராளமாகப் போகும். நுரையைத் துப்பினால் போதும், கொப்பளித்தால் புளோரைட்டும் போய்விடும். ஏழெட்டு வயதுவரை அம்மாவோ உம்மாவோ அம்மம்மாவோதான் தீட்டிவிட வேண்டும். பிள்ளையின் கைக்கு அந்தப் பக்குவம் இன்னும் வராது.

அம்பாறையின் உட்புறத்தில் சில இடங்களில் குழாய்க்கிணற்று நீரில் புளோரைட் கூடுதல். அங்கே பிள்ளை பேஸ்டை விழுங்காமல் கவனியுங்கள், கிணற்று நீரைப் பரிசோதிப்பியுங்கள். புளோரைட் மிஞ்சினால் பல்லில் கறை ஏறும், முரசுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் நிலைப்பல்லில்தான் அந்தக் கறை ஏறும். அதற்காகப் பேஸ்டை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், பல் வைத்தியரைக் கேளுங்கள்.

டொபி, கிரீம் பிஸ்கட் கொடுப்பதானால் சாப்பாட்டோடு கொடுங்கள். நாள் முழுக்கக் கொறிப்பதுதான் பல்லை அரிக்கும்.

கன்னம் வீங்கிக் காய்ச்சலும் இருந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கராம்பெண்ணெய் தடவாதீர்கள், முரசு வெந்துவிடும்.

ஆறு வயதளவில், கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே ஒரு பெரிய பல் முளைக்கும். பலர் அதையும் பால்பல் என்றே நினைக்கிறார்கள். அது நிலைப்பல். அரைகுறையாக எழும்பும்போது பிரஷ் அதை எட்டாது. பிரஷைக் குறுக்காகத் திருப்பி, அந்தப் பல்லை மட்டும் தனியாகத் தீட்டுங்கள்.